அட்டைக் கமலை

மயிலாடும்பாறை
18-11-1968

திரு. சண்முகராஜ் அவர்களுக்கு,

சொர்ணலதா எழுதுவது. நலம் விசாரிக்கிறதுக்காக இதை எழுதல. ஜூலை மாசம் நான் பஸ் ஏறினதுலருந்து நீங்களும் விசாரிக்கல, நானும் விசாரிக்கல. ரெண்டு பேரும் உசுரோடதான் இருக்கோம்னு வச்சுக்குவோம்.

விஷயம் இதுதான். நம்ம ஜவுளிக்கடை மாடியில சேலைப் பெட்டி அட்டை குமிஞ்சு கிடக்கும். அதுல கெட்டியானதாப் பாத்து ஒரு கட்டு, வருசநாடு போற பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து விடுங்க. மயிலாடும்பாறையில இறக்கினா நான் ஆள் வச்சு எடுத்துக்குவேன். பள்ளிக்கூடம் அங்கருந்து மேற்கே ரெண்டு மைல்.

எதுக்குன்னு நீங்க கேக்காட்டியும் சொல்லிடறேன். பிப்ரவரியில டிப்டி இன்ஸ்பெக்டர் வர்றாக. அவுக முன்னாடி ஒரு பாடம் நடத்திக் காட்டணும். கையால செஞ்ச துணைக்கருவி ஒண்ணு கட்டாயம் வைக்கணும். ரிப்போர்ட் நல்லபடியா இருந்தா வேலை நிரந்தரம். இல்லாட்டி ஏப்ரலோட பெட்டியக் கட்ட வேண்டியதுதான். அஞ்சாம் வகுப்புக்கு ‘இயக்கம்’னு ஒரு பாடம் இருக்கு. புஸ்தகத்துல ரயில் படம் போட்டிருக்கான். இங்கன அஞ்சு வகுப்புக்கும் சேத்து முப்பத்தோரு பிள்ளைக. ஒண்ணுகூட ரயிலைக் கண்ணால பாத்ததில்ல. போர்டுல ரயிலை வரைஞ்சு, இது நேரா ஓடும், சக்கரம் வட்டமாச் சுத்தும்னு சொன்னேன். பூமாரின்னு ஒரு பிள்ளை எந்திரிச்சு, “அது எதுக்கு டீச்சர் ஓடுது?”ன்னு கேட்டா. நான் போர்டை அழிச்சுட்டேன்.

இந்த ஊர்ல எல்லாம் மாடு பூட்டிக் கிணத்துலருந்து தண்ணி எறைக்கிற கமலைதான். நான் பள்ளிக்கூடம் போற வழியிலயே சங்கிலியம்மாள்னு ஒரு அம்மா தோட்டத்துல கமலை ஓடுது. அதனால அட்டையில ஒரு கமலை செஞ்சு வைக்கலாம்னு இருக்கேன். மாடு நடக்கணும், கூனைங்கிற பெரிய வாளி தண்ணியோட கிணத்துலருந்து மேல வரணும். அவ்வளவுதான்.

இதை மாமாகிட்டக் காட்ட வேண்டாம். எனக்கு வந்த வேலை ஆர்டரை எட்டு நாள் கல்லாப் பெட்டியில போட்டுப் பூட்டி வச்சவுக அவுக. அது உள்ள கிடக்குதுன்னு தெரிஞ்சே அந்த எட்டு நாளும் என் கையால சோறு வாங்கிச் சாப்பிட்டவுக நீங்க. உங்க தம்பி வைகுண்டராஜ் வாய் தவறிச் சொல்லலேன்னா, சேர வேண்டிய நாள் தாண்டிப் போயிருக்கும். ரெண்டே நாள் பாக்கி இருந்துச்சு.

அட்டை மட்டும் போதும்.

சொர்ணலதா


தேனி
27-11-1968

சொர்ணம்,

கடுதாசி கிடைச்சது. நீ கேட்ட அட்டையை அனுப்பல. அனுப்பினா நீ அதை வெட்டுறேன்னு கையை வெட்டிக்குவ. நம்ம கல்யாணப் பத்திரிகைக்கு உங்க போடி வீட்டுல நீ கவர் ஒட்டினியே, அத்தனையும் கோந்தும் விரல் ரேகையுமா வந்து சேந்துச்சு. அதனால பொருளாவே செஞ்சு அனுப்பியிருக்கேன்.

போன தீபாவளிக்குக் கடைக் கண்ணாடிக்குள்ள சேலை விரிச்சுக் காட்டுற பொம்மை வச்சேன்ல, அதைவிட இதுக்குத்தான் மண்டையை ஒடைச்சுக்கிட்டேன். எப்படி ஓட்டணும்னு சொல்றேன், கேட்டுக்க. சரிவா ஒரு அட்டை. அதுல நீளவாக்குல ஒரு வெட்டு. அந்த வெட்டு வழியா மாட்டு ஜோடி நகரும். அடியில நூல் போய், தையல்கடையில வாங்குன நூல்கண்டுக் கட்டை மேல ஏறி, அந்தப் பக்கம் கிணத்துக்குள்ள தொங்கும். நுனியில கட்டியிருக்கிற கூனை, டானிக் பாட்டில் மூடி. கைப்பிடிக்கு ஒரு ஒடஞ்ச குடைக்கம்பி. மெதுவாச் சுத்தணும். மாடு சரிவுல இறங்க இறங்க கூனை மேல வரும். மாடு அடிக்கு வந்ததும் ஒரு வட்டத் தட்டு தானாச் சுத்தி மாட்டைத் திருப்பிவிடும். மாடு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு மேட்டுல ஏறும், கூனை இறங்கும். அந்தத் தட்டுக்கு மட்டும் நாலு நாள் ஆச்சு.

பசையில மயில்துத்தம் போட்டிருக்கேன், பூச்சி அரிக்காது. பிள்ளைகளை வாயில வைக்க விடாத.

ஆர்டர் விஷயத்துல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. அப்பாகிட்ட எதுத்துப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். நீ போனதுலருந்து கடைக்கு வர்றவுக எல்லாம் “வீட்டுல எப்ப வர்றாக?”ன்னு கேக்குறாக. துணியை அளக்குற மாதிரி குனிஞ்சுக்கிறேன். உனக்கு நல்ல ரிப்போர்ட் கிடைக்கணும்னு வேண்டிக்கிறேன்னு எழுதலாம். எழுதினா பொய். அதனால எழுதல.

சண்முகராஜ்


மயிலாடும்பாறை
5-12-1968

திரு. சண்முகராஜ் அவர்களுக்கு,

பார்சல் மூலை மடங்காம வந்துச்சு. அன்னைக்குச் சாயந்தரமே மேஜையில வச்சு ரெண்டு தடவை சுத்திப் பாத்தேன். மாடு இறங்கின அழகும், தட்டுச் சுத்தித் திரும்பின அழகும் பாத்துப் பூரிச்சுப் போனேன். உள்ளதைச் சொன்னா, உங்க மேல இருந்த கோபம்கூடக் கொஞ்சம் எறங்குச்சு.

மறுநாள் காலையில பிள்ளைக முன்னாடி வச்சேன். மாடு இறங்குச்சு, கூனை வந்துச்சு, பிள்ளைக வாயைத் தொறந்துக்கிட்டுப் பாத்துச்சுக. அப்புறம் தட்டுச் சுத்தி மாடு திரும்புச்சு. ஒண்ணு சிரிச்சுச்சு, பக்கத்துல இருந்தது சிரிச்சுச்சு, மூணாம் வகுப்புப் பிள்ளைக எந்திரிச்சு வந்து பாத்துட்டு அதுகளும் சிரிச்சுச்சுக. பூமாரி கேட்டா, “டீச்சர், மாடு எங்க போகுது? வீட்டுக்கா?”

கமலை மாடு திரும்பவே திரும்பாதாம். மூஞ்சி முன்னால வச்சுச் சரிவுல இறங்கும். இறங்கினபடியே, அப்படியே பின்னங்காலை வச்சு வச்சு மேட்டுல ஏறும். திரும்பினா வடம் காலைச் சுத்திக்கிட்டு மாட்டையே கீழ தள்ளிருமாம். இதை எனக்கு ஒம்போது வயசுப் பிள்ளை சொல்லுது, ‘இதுகூடத் தெரியாதா’ங்கிற மாதிரி என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே. இப்பப் பள்ளிக்கூட வாசல்ல ‘டீச்சர் மாடு’ன்னு ஒரு வெளையாட்டு நடக்குது. ரெண்டு பிள்ளைக நுகத்தடி மாதிரி கம்பைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி, சட்டுன்னு திரும்பிக் கும்பிடு போடுதுக. மத்ததெல்லாம் சிரிக்குது.

நேராவே கேட்டுடறேன். தெரிஞ்சே செஞ்சீகளா? இன்ஸ்பெக்டர் முன்னாடி பிள்ளைக இப்படிச் சிரிச்சா நான் ஏப்ரல்ல வீட்டுக்கு வந்துருவேன். அதுதானே உங்களுக்கும் மாமாவுக்கும் வேணும். நல்ல ரிப்போர்ட்டுக்கு வேண்டிக்கலைன்னு நீங்களே கைப்பட எழுதியிருக்கீக. ஒருதடவை மறைச்ச ஆளு இன்னொருதடவை மறைக்க மாட்டாகன்னு நான் எதை வச்சு நம்புறது?

சொர்ணலதா


தேனி
9-12-1968

சொர்ணலதாவுக்கு,

நான் கடைத்தெருவுல பொறந்து கடைத்தெருவுல வளந்தவன். இந்தப் பக்கம் கம்பம் வரைக்கும் வாய்க்கால் தண்ணி. மடையைத் தொறந்துவிட்டா அது பாட்டுக்கு வயலுக்குப் போகும். கமலையை நான் கொள்முதலுக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாப் பாத்தவன்தான். ஒருதடவை பாத்தப்ப மாடு கீழ போய்க்கிட்டிருந்துச்சு. இன்னொருதடவை மேல நின்னுச்சு. நடுவுல என்ன செஞ்சுச்சுன்னு பாக்குறதுக்குள்ள பஸ் போயிருச்சு. கீழ போனது மேல வரணும்னா திரும்பித்தானே வரணும்னு நெனச்சேன். மனுசன் அப்படித்தானே வருவான்?

சரி, எனக்குத் தெரியல. நீ அஞ்சு மாசமா அங்கனயே கிடக்க. போற வழியிலயே கமலை ஓடுதுன்னு நீயே எழுதியிருக்க. மாடு திரும்பின அழகைப் பாத்துப் பூரிச்சேன்னும் நீயே எழுதியிருக்க. உன் கண்ணுக்கும்தான் தப்பு தெரியல. நீயும் தெரிஞ்சேதான் சும்மா இருந்தியா?

எட்டு நாள் மறைச்சது தப்பு. தப்புன்னு இப்ப எழுத்துல குடுத்துட்டேன், பத்திரமா வச்சுக்க. அப்பா “அவ கேட்டா இல்லைன்னு சொல்லு”ன்னு சொல்லியிருந்தாக. நீ கேக்கல, அதனால நான் பொய் சொல்லலைன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது வேற. ஆனா என் கையால வெட்டி ஒட்டுற பொருள்ல வஞ்சகம் வைக்கிறவன் நான் இல்ல. அப்படி ஒரு வார்த்தையை நீ எழுதுவன்னு நான் நெனைக்கவேயில்ல. படிச்சதுலருந்து சோறு எறங்கல.

அந்தச் சாமானை கண்டக்டர்கிட்டக் குடுத்து அனுப்பிரு. குப்பையில போடுறதா இருந்தாலும் நானே போட்டுக்கிறேன்.

சண்முகராஜ்


மயிலாடும்பாறை
20-12-1968

அத்தானுக்கு,

நீங்க கேட்டது நியாயம். உங்க கடுதாசி வந்த மறுநாள் காலையில சங்கிலியம்மா தோட்டத்துல போய் நின்னேன். பதினஞ்சு நடை மாடு இறங்கி ஏறுறதைப் பாத்தேன். புதுசா வந்த டீச்சர்னு ஊரே பாக்குதேன்னு, அஞ்சு மாசமா நான் அந்த வழியில தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயிருக்கேன். என் கால் பெருவிரலைத்தான் பாத்திருக்கேன், மாட்டைப் பாக்கல. இதைப் பிள்ளைககிட்டயும் சொல்லிட்டேன். “டீச்சருக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லிக் குடுத்தீக”ன்னு சொன்னதும் சிரிப்பு கொஞ்சம் கொறஞ்சிருக்கு. ‘டீச்சர் மாடு’ மட்டும் இன்னும் நடக்குது.

சந்தேகப்பட்டது தப்புன்னு எழுத எனக்கு இன்னும் கை வரல. சந்தேகப்படுற மாதிரி வச்சது நீங்க. ஆனா சோறு எறங்கலைன்னு எழுதியிருந்தீக. அதைப் படிச்சு எனக்கும் எறங்கல.

சாமானைத் திருப்பி அனுப்புறேன். குப்பையில போட்டுறாதீக. வேற ஆள் யாரும் இப்படிச் செய்யமாட்டாக. செய்ய மனசிருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. வடம் ஒண்ணு இல்ல, ரெண்டு. பெரிய வடம் கூனையை இழுக்கும். கூனைக்கு அடியில தோல்ல நீளமா ஒரு வால் இருக்கு, அதை மடக்கிப் பிடிக்கச் சின்னக் கயிறு ஒண்ணு. கூனை மேல வந்ததும் அந்த வால் வழியாத்தான் தண்ணி தொட்டியில கொட்டும். எழுதினா புரியாது, பாத்தாத்தான் புரியும்.

23-ம் தேதி லீவு விடுறாக. போடிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். பஸ் தேனிக் கடைத்தெரு வழியாத்தான் போகும். கடைப் பக்கம் ஜன்னல்ல உக்காரமாட்டேன்.

சொர்ணலதா


தேனி
20-1-1969

சொர்ணம்,

பொங்கல் யாவாரத்துல நேரம் போயிருச்சு, அதான் தாமசம். புதுசா ஒண்ணு செஞ்சு இந்தக் கடுதாசியோட அனுப்பியிருக்கேன்.

ஒரு தோட்டத்துல போய் உக்காந்து அரைநாள் பாத்தேன். மாடு பின்னால ஏறுறது பாக்கப் பாக்க ஆச்சரியமாத்தான் இருக்கு. காலை எங்க வைக்குதுன்னு அது பாக்குறதேயில்ல. கிணத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டே கிணத்துக்கிட்டப் போயிருது, ஒரு சாண் அதிகமும் போகல, கம்மியும் போகல. இறங்கும்போது ஓட்டுற ஆளு வடத்து மேல குந்திக்கிறான். அவன் பாரமும் சேந்து இழுக்குது. ஏறும்போது குதிச்சு இறங்கிக்கிறான். இதையெல்லாம் பஸ்ஸுல இருந்து பாத்தா என்ன தெரியும்?

திரும்புற தட்டைப் பிச்சுப் போட்டுட்டேன். செய்ய நாலு நாள் ஆச்சு, பிக்க ஒரு நிமிசம். இப்ப ரெண்டு நூல், ரெண்டு கட்டை. மேல இருக்கிறது வடத்துக்கு, கீழ இருக்கிறது வால் கயித்துக்கு. வாலுக்கு சைக்கிள் டியூப்பை நறுக்கி வச்சேன், நல்லா மடங்குது. கைப்பிடியை இந்தப் பக்கம் சுத்தினா மாடு இறங்கும், அந்தப் பக்கம் சுத்தினா அப்படியே பின்னால ஏறும். ஒரு இழுப்புல மாடு சரிவுல போகுது, கட்டை வட்டமாச் சுத்துது, கூனை நெட்டுக்குத்தா வருது. உன் பாடத்துல இருக்கிற நேரும் வட்டமும் அதுலயே இருக்கு. இன்னொண்ணு, மாடு நடக்குற மேட்டு நீளமும் கிணத்து ஆழமும் ஒரே அளவு வச்சிருக்கேன். அங்கன அளந்து பாத்தேன், அப்படித்தான் இருந்துச்சு. அது ஏன்னு பிள்ளைககிட்டக் கேளு.

சண்முகராஜ்


மயிலாடும்பாறை
27-1-1969

அத்தான்,

எந்தத் தோட்டத்துல போய்ப் பாத்தீகன்னு எழுதல. எழுத வேண்டியதில்ல. உங்க அட்டை மாட்டுல ஒண்ணு செவலை, நெத்தியில வெள்ளை. மத்ததுக்கு வலது கொம்பு பாதி ஒடஞ்சிருக்கு. பெட்டியப் பிரிச்ச உடனே பூமாரி சொல்லிட்டா, “டீச்சர், இது சங்கிலியம்மா மாடு.” மத்த பிள்ளைகளும் ஆமா ஆமான்னுச்சுக.

சாயந்தரம் போய் அந்த அம்மாகிட்டக் கேட்டேன். “பொங்கலுக்கு முந்தின வாரம் வெள்ளைச் சட்டை போட்டு ஒருத்தக வந்தாக தாயீ. மாடு வாங்க வந்த யாவாரின்னு நெனச்சேன். மாட்டைப் பல்லுப் பிடிச்சுப் பாக்காம வடத்தை அளக்குறாக, மேட்டை அளக்குறாக, நோட்டுல என்னமோ கிறுக்குறாக. கூழு குடுத்தேன், குடிச்சாக. நீ அங்கன பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்த சத்தம் கேட்டப்ப எந்திரிச்சு நின்னாக. நின்னுக்கிட்டே இருந்தாக. பெறகு உக்காந்துட்டாக. ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போறேன்னு போயிட்டாக”ன்னு சொன்னாக.

அந்தக் கிணத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நூறு கஜம்கூட இருக்காது. தேனியிலருந்து பஸ் ஏறி, ரெண்டு மைல் நடந்து, மாட்டோட கொம்பு வரைக்கும் அளந்தவுகளுக்கு அந்த நூறு கஜம் நடக்க முடியலையா? மாட்டை அரைநாள் பாத்தீக, என்னை ஒரு நிமிசம் பாக்கத் தோணலையா? அன்னைக்கு முழுக்க நான் அங்கனதான் இருந்தேன். இதை அந்த அம்மா சொன்னப்ப அவுக முன்னாடியே அழுதுட்டேன். அதையும் எழுதிடறேன், மறைக்க என்ன இருக்கு.

சாமான் நல்லா ஓடுது. பிள்ளைக வரிசையில நின்னு சுத்துதுக. யாரும் சிரிக்கல. இன்ஸ்பெக்டர் 13-ம் தேதி வர்றாகன்னு தாக்கல் வந்திருக்கு.

சொர்ணம்


தேனி
8-2-1969

சொர்ணம்,

ஆமா, வந்தேன்.

பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வரணும்னுதான் கெளம்பினேன். வந்து என்ன சொல்றதுன்னு பஸ்ஸுல வரும்போதெல்லாம் யோசிச்சேன். ‘வீட்டுக்கு வந்துரு’ங்கிறதைத் தவிர வேற வார்த்தை கிடைக்கல. அதைச் சொன்னா நீ வரமாட்ட. வரமாட்டேன்னு உன் வாயால கேட்டுட்டு எப்படித் திரும்பறதுன்னு பயந்துட்டேன். அப்ப நீ பாடிக்கிட்டிருந்த. நம்ம வீட்டுல ரெண்டு வருசத்துல உன் குரல் அவ்வளவு சத்தமா வந்து நான் கேட்டதில்ல.

இன்னொண்ணும் இருக்கு. இதை எழுதாம இருந்தா உனக்குத் தெரியவே தெரியாது, ஆனாலும் எழுதுறேன். வடம் போற கட்டைக்கு ரெண்டு பக்கமும் அட்டையில வட்டமாத் தடுப்பு ஒட்டணும். ஒட்டாட்டி முதல்ல நல்லாத்தான் ஓடும். பத்துப் பன்னெண்டு சுத்துக்கு அப்புறம் நூல் நழுவிக் கீழ விழுந்துரும். தடுப்பை வெட்டி வச்சேன். ரெண்டு நாள் ஒட்டாம வச்சிருந்தேன். மறந்து போய் இல்ல. பன்னெண்டாவது சுத்துல இன்ஸ்பெக்டர் முன்னாடி நூல் நழுவட்டும், நீ ஏப்ரல்ல வீடு வந்து சேருவன்னு நெனச்சுத்தான் வச்சிருந்தேன். டிசம்பர்ல நீ என் மேல போட்ட பழியை ஜனவரியில நானே நெசமாக்கப் பாத்தேன்.

மூணாம் நாள் தடுப்பு இல்லாமலே சுத்திப் பாத்தேன். நூல் நழுவுச்சு, கூனை விழுந்துச்சு. டானிக் மூடிதான், சத்தம்கூட வரல. எனக்கு என் மேலயே அருவருப்பாப் போச்சு. உடனே ஒட்டிட்டேன். ஒட்டுனது காஞ்சதும் அம்பது சுத்துச் சுத்திப் பாத்துட்டுத்தான் பெட்டியில வச்சேன். என் பேச்சுல நம்பிக்கை இல்லாட்டி கவுத்துப் பாத்துக்க. அடியில தெரியும்.

சண்முகராஜ்


மயிலாடும்பாறை
14-2-1969

அத்தான்,

உங்க கடுதாசி 12-ம் தேதி சாயந்தரம் வந்துச்சு, இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முந்தின நாள். படிச்சுட்டுச் சாமானை எடுத்து மடியில வச்சேன். கவுத்துப் பாக்கப் போனேன். பெறகு பாக்காமலே மேஜையில வச்சுட்டேன். ரெண்டு நாள் ஒட்டாம வச்சிருந்தீக, மூணாம் நாள் ஒட்டுனீக, யாரும் கேக்காம அதை எழுதவும் செஞ்சீக. என் ஆர்டரை மறைச்ச ஆளு இதை எழுதமாட்டாக.

நேத்து இன்ஸ்பெக்டர் ஞானதுரை சார் ஜீப்புல வந்தாக. பெரிய உத்தியோகஸ்தர், மதுரைக்காரவுக, மடிப்புக் கலையாத சட்டை. பாடம் நல்லாவே போச்சு. எது நேரா போகுது, எது வட்டமாச் சுத்துதுன்னு கேட்டேன், எல்லாரும் சொன்னாக. கிணத்துல இறங்காம ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பன்னு சாரே கேட்டாக. பூமாரி, “மாடு நடக்குற மேட்டை அளந்தாப் போதும் சார். மாடு எவ்வளவு போகுதோ கூனை அவ்வளவுதான் வரும்”னா. சாருக்குச் சந்தோசம். நானும் சுத்துறேன்னு கைப்பிடியைப் பிடிச்சாக.

ரெண்டு தடவை சுத்திட்டு மொகத்தைச் சுளிச்சாக. “மாடு திரும்பவே இல்லையேம்மா. கீழ போன மாடு பின்னாலேயே ஏறுது. துணைக்கருவியில இப்படிப் பிழை இருக்கலாமா?”ன்னு கேட்டுக்கிட்டே நோட்டுல எழுத ஆரம்பிச்சுட்டாக. உங்க பழைய பொம்மை இருந்திருந்தா நூத்துக்கு நூறு போட்டிருப்பாக அத்தான். நெனச்சா இப்பச் சிரிப்பு வருது, அப்ப வரல. பின் வரிசையில ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. “ஆமாங்க சார், திருத்திடறேன்”னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. சொல்லியிருந்தா ஒரு சின்ன வரியோட போயிருக்கும். ஆனா முப்பத்தோரு பிள்ளைகளும் என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சுக, டீச்சர் என்ன சொல்லப் போறாகன்னு.

“சார், மாடு சரிதாங்க. நூறு கஜத்துல கமலை ஓடுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டு எழுதுங்க”ன்னேன். சார் பேனாவைப் பிடிச்சபடியே என்னைப் பாத்தாக. பெறகு எந்திரிச்சு நடந்தாக. பிள்ளைக எல்லாம் பின்னாலயே. சேத்துல அவுக ஷூ பதிஞ்சுருச்சு. கிணத்தடியில நின்னு மூணு நடை பாத்தாக. சங்கிலியம்மா வந்து “இவுகளும் வடத்தை அளக்கத்தான் வந்தாகளா தாயீ?”ன்னு என் காதுல கேட்டாக. திரும்பி வந்து, எழுதினதுல ஒரு வரியை அடிச்சுட்டு வேற என்னமோ எழுதினாக. ஜீப்புல ஏறிப் போயிட்டாக. நல்லதா கெட்டதான்னு தெரியல. கோபமாப் போனாகளோன்னு மனசு அடிச்சுக்குது.

நூல் நழுவல. அவுக சுத்தினது, பிள்ளைக சுத்தினது எல்லாம் சேத்து நாப்பது தடவைக்கு மேல இருக்கும்.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். வேலை நிரந்தரமானா விடமாட்டேன். ஆகாட்டியும், வேற ஊர்ல போட்டா அங்கயும் போவேன். உங்களை வேண்டாம்னு இதை எழுதல.

சொர்ணம்


மயிலாடும்பாறை
12-3-1969

அத்தான்,

நேத்து யூனியன் ஆபீஸுலருந்து ஆள் வந்து ஆர்டரைக் கையில குடுத்துட்டுப் போனாரு. வேலை நிரந்தரம். ரிப்போர்ட்டோட நகலும் வந்திருக்கு. அதுல ‘துணைக்கருவி நடைமுறைக்கு ஒத்ததாக உள்ளது. நேரில் சரிபார்க்கப்பட்டது’ன்னு சார் எழுதியிருக்காக. பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டினேன். மாட்டைத்தான் சொல்றாகன்னு சங்கிலியம்மாவுக்கு ஒரே பெருமை.

நான் இருக்கிற இந்த ஒத்தை ரூம் ஒழுகுது. சங்கிலியம்மா தோட்டத்துக்குப் பக்கத்துல ஒரு ஓட்டு வீடு காலியாகுதாம், ரெண்டு கட்டு. “ஒரு கட்டு போதுமா, ரெண்டும் வேணுமா?”ன்னு கேட்டாக. எனக்கு ஒண்ணு போதும். பதில் இன்னும் சொல்லல.

சொர்ணம்


தேனி
17-3-1969

சொர்ணம்,

ரெண்டையும் எடுத்துரு.

விசாரிச்சுட்டேன். வருசநாட்டுலருந்து வர்ற முதல் பஸ் ஒம்போது மணிக்குத் தேனி வந்துருது, கடை தொறக்க அது போதும். சாயந்தரம் வைகுண்டராஜ்கிட்டக் கடையை விட்டுட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சுருவேன். அந்த ரெண்டு மைலுக்கு ஒரு பழைய சைக்கிள் பாத்து வச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை சாமான்களோட வர்றேன். பஸ்ஸுக்கு வந்து நிக்காத, எனக்கு வழி தெரியும்.

நேத்துக் காலையில அப்பா கல்லாவுல இருக்கும்போது நேரா முன்னால போய் நின்னு சொன்னேன். “அவ வரமாட்டா. நான் அங்கன போறேன்.” அப்பா கல்லாப் பெட்டியைப் பூட்டினாக. பெறகு, “எத்தனை நாளைக்கு?”ன்னாக.

“அவளுக்கு வேலை நிரந்தரமாயிருச்சுப்பா”ன்னேன்.

சண்முகராஜ்